அத்தையின் பிறப்புச் சான்றிதழ்

2024 செப்டெம்பர் 10, செவ்வாய்க்கிழமை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாகப் பிளேன்டீ குடிக்கும் கடையில் ஆறேழு பேர் ஒரே கைபேசியைச் சுற்றி நின்றோம். புனோம் பென்னில் இலங்கையும் கம்போடியாவும் ஆடிக்கொண்டிருந்தன. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் போவதற்கான பிளே ஓஃப். ஐந்து நாளைக்கு முன் கொழும்பில் 0–0, அங்கே 2–2, கடைசியில் பெனால்டியில் 4–2 என்று நாங்கள் வென்றோம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் தடையிலிருந்து ஒரு வருடத்துக்கு முன்புதான் வெளியே வந்திருந்த அணி. உதைபந்தாட்டத்தில் நாங்கள் வெல்வதே அபூர்வம் என்பதால் கடைக்காரர் எல்லோருக்கும் இன்னொரு பிளேன்டீ ஊற்றினார். காசு வாங்கினார், அது வேறு விஷயம்.

அப்போது பக்கத்துத் தையல் கடை நானா கேட்டார்: "தம்பி, இந்த டீம்ல நம்ம ஆக்கள் எத்தன பேர் ஈக்கிறாங்க?" உதைபந்தாட்டம் தெரிந்தவன் என்று எனக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். கிளாடியோ கமர்க்னெக்ட் ஜேர்மனியில் பிறந்தவர், கழி. டில்லன் டி சில்வா லண்டன், கழி. ஜாக் ஹிங்கெர்ட் அவுஸ்திரேலியா, பிரிஸ்பேன் ரோருக்குப் பல வருடம் ஆடியவர், அவரையும் கழி. அந்த வருட அணிப்பட்டியலில் இருந்த ஆதவன் ராஜமோகன் சுவீடனில் வளர்ந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவரை நான் கழிக்கவில்லை. ஏன் என்று நானா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, "மிச்சமெல்லாம் அங்க எடுபடாம இங்க வந்ததுகள் நானா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு நடக்கும்போது எனக்கே அது கொஞ்சம் கசந்தது. தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

பிறகுதான் தெரிந்தது, ஹிங்கெர்ட் பிறந்தது கண்டியில். நான் வெளிநாட்டுக்காரன் என்று கழித்த ஆள், எங்கள் ஊரிலிருந்து கோச்சி ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் இடத்தில் பிறந்தவர். சுவீடனில் வளர்ந்தவரைப் பெயருக்காகச் சேர்த்துக்கொண்டு, கண்டியில் பிறந்தவரைப் பெயருக்காக வெளியே தள்ளியிருக்கிறேன். இந்த மாதிரிக் கணக்கு வேறு எங்கோ பார்த்த கணக்கு என்று மனதில் ஒரு மூலையில் தட்டிக்கொண்டே இருந்தது. எங்கே என்று பிடிபட ஒன்பது மாதமானது.

ஒரு கோடு போட்ட கட்டம்

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், மூன்று பேர் பங்கு போட்டு வாடகை கட்டும் ஒரு சின்ன அறை. என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் பிறப்புச் சான்றிதழ்கள்தான். வெளிநாடு போகிறவர்கள், போனவர்களின் பிள்ளைகள், போனவர்களைக் கட்டப்போகிறவர்கள். சிங்களத்திலும் தமிழிலும் இருப்பதை ஆங்கிலமாக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பேன். இருபது வருடமாகச் செய்வதால் அந்தப் படிவத்தின் கட்டங்கள் கண்ணை மூடினாலும் தெரியும். பிறந்த திகதி, இடம், பெயர், ஆணா பெண்ணா, தந்தையின் பெயர், அவர் பிறந்த இடம், இனம், தொழில், அப்புறம் தாயின் விவரம், பெற்றோர் மணமானவர்களா. அதற்குப் பிறகு வரும் இரண்டு கட்டங்களைப் பெரும்பாலானோர் கவனித்திருக்கமாட்டார்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், வருடம், இடம். தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், வருடம், இடம்.

ஒரு குழந்தை பிறந்ததைப் பதிய எதற்குப் பூட்டன்? இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அந்தச் சட்டம் கேட்ட கேள்வியைத்தான் என் மேசைக்கு வரும் சான்றிதழ்களின் படிவமும் கேட்கிறது. நீ இங்கே பிறந்தது போதாது. உன் அப்பா இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்தார்களா? அம்மாவைப் பற்றி அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை. பாட்டி என்ற சொல்லே படிவத்தில் இல்லை. மணமான தாயின் வழியாகவும் பிரஜாவுரிமை இறங்கும் என்று சட்டம் திருந்தியது 2003இல்தான்.

என்னுடைய சான்றிதழில் அந்த இரண்டு கட்டங்களிலும் கோடு. நான் 1976இல் மலையகத்துத் தலவாக்கலையில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பிறந்ததும் அங்கேதான். தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். இனம் என்ற கட்டத்தில் 'இந்தியத் தமிழர்'. அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் நேர்மையான பதில் ஒரு கோடுதான்.

ஜேர்மனியிலிருந்து வந்த பிள்ளை

2025 ஜூன் மாதம் என் அத்தை மகள் ஜேர்மனியிலிருந்து மகனோடு வந்தாள். அத்தை என்றால் அப்பாவின் சொந்தத் தங்கை. 1953இல் அதே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அப்பா பிறந்த அதே காம்பராவில் பிறந்தவர். 1974இல் மாமாவோடு, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்ட மக்களை ஏற்றிப்போன ரயிலான ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியின் கோத்தகிரியில் தமிழ்நாட்டு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் திரும்பவும் கொழுந்து பறிக்கத் தொடங்கியவர். மகள் அங்கே பிறந்து, நர்ஸிங் படித்து, ஜேர்மனி போய், ஒரு ஜேர்மன்காரரைக் கட்டிக்கொண்டாள். பையன் பிறந்தது கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில். ஆறடிக்கு மேலே உயரம், தாத்தாவின் மூக்கு, அவன் அப்பாவின் கண். முறைக்கு நான் அவனுக்குப் பெரியப்பா ஆக வேண்டும். அவன் 'அங்கிள்' என்றான். விட்டுவிட்டேன்.

அவன் அங்கே ஒபர்லிகாவில் ஆடுகிறான். அது ஜேர்மன் உதைபந்தாட்டத்தின் ஐந்தாவது மட்டம். நம்முடைய பார்வையில் ஐந்தாவது மட்டம் என்றால் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் காலையில் கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு அவன் பந்தைத் தட்டியதைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டேன். பந்து அவன் காலுக்கு வந்தால் சத்தமே கேட்காது. பஞ்சில் விழுந்த மாதிரி நின்றுவிடும். எதிர்வீட்டு மதிலில் பட்டு எப்படி வேண்டுமானாலும் திரும்பி வரட்டும், ஒரே தொடுகையில் அடங்கிவிடும். எங்கள் பிள்ளைகள் இரண்டு நாளில் அவனைப் பார்த்து அதே மாதிரிப் பாதத்தைத் தளர்த்திப் பிடிக்கப் பழகிவிட்டார்கள்.

வந்த காரணம் வேறு. அங்கே ஒரு ஏஜென்ட் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்: பாட்டி இலங்கையில் பிறந்தவர் என்றால் பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் ஒன்று போதும், பையன் இலங்கைக்கு ஆடலாம். புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளை அங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள், மலேசியாவைப் பாருங்கள் என்றாராம். அந்த வாரம்தான் மலேசியா வெளிநாட்டில் பிறந்த வீரர்களை இறக்கி வியட்நாமை 4–0 என்று அடித்திருந்தது. எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. பீபாவின் விதியில் பாட்டி உண்டு. புதிதாக ஒரு நாட்டின் குடியுரிமை பெறுகிற வீரர் அந்த நாட்டுக்கு ஆட வேண்டுமென்றால், அவர் அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்ற தாயோ தகப்பனோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டியோ தாத்தாவோ பிறந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் குறிப்பிட்ட வருடங்கள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இது பாசத்தால் வந்த விதி இல்லை. 2004இல் கட்டார் சில பிரேசில் வீரர்களைக் காசு கொடுத்துத் தன் அணிக்கு இழுக்கப் பார்த்தது. அதைத் தடுக்கத்தான் உண்மையான ஒரு தொடர்பு வேண்டும் என்று பீபா சொன்னது. தொடர்பை எப்படி நிரூபிப்பது? பத்திரத்தில். யாருடைய பத்திரம்? அப்பாவா அம்மாவா, ஆணா பெண்ணா என்று அங்கே பாகுபாடு இல்லை. அம்மாவின் அம்மா இங்கே பிறந்தார் என்றால் அதுவும் போதும்.

நான் அந்த விதியைப் பல தடவை வாசித்திருக்கிறேன். ஜேர்மனியில் பிறந்தவர் துருக்கிக்கு ஆடுகிறார், மட்ரிட்டில் பிறந்த ஹக்கிமி மொரோக்கோவுக்கு ஆடுகிறார் என்று சண்டை போடும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டியும் இருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு அத்தையை அந்த வரியில் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. நாற்பத்தெட்டாம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கட்டம்கூடக் கிடைக்காத ஒரு தோட்டத்துப் பெண் பிள்ளை, சூரிச்சில் இருக்கிற ஒரு அலுவலகத்தின் கணக்கில் தலவாக்கலைக்காரி.

மேசையில் மூன்று பத்திரங்கள்

தோட்டத்துக்குப் போன கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். சான்றிதழின் பிரதி கையில் வந்த பிறகு அவர்கள் இருவரும் என் புதுக்கடை அறைக்கு வந்தார்கள். வெளியே நல்ல வெயில், உள்ளே மின்விசிறி சத்தம். அத்தை மகள் ஒரு பிளாஸ்ரிக் உறையிலிருந்து மூன்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். முதலாவது அத்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆங்கிலத்தில், இனம் 'இந்தியத் தமிழர்'. இரண்டாவது கண்டியில் கொடுத்த பழைய இந்தியக் கடவுச்சீட்டு. அட்டை கிழிந்து ஒட்டுப் போட்டது. உள்ளே இருபத்தொரு வயது அத்தை மூக்குத்தியோடு கேமராவை முறைத்துப் பார்க்கிறார், பக்கத்துத் தாளில் இராமேஸ்வரம் முத்திரை. மூன்றாவது பையனின் ஜேர்மன் கடவுச்சீட்டு, புத்தம் புதிது.

பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. மொழிபெயர்ப்பாளனின் வேலை இருப்பதை மொழிபெயர்ப்பது மட்டும், அறிவுரை சொல்வது இல்லை. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

"மச்சான், இது செல்லும்தானே?" என்று கேட்டாள்.

பாட்டி பிறந்த இடம் பீபாவின் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உன்னிடம் அந்த நாட்டின் குடியுரிமை இருக்கிறதா? கடவுச்சீட்டு இல்லாமல் பாட்டியின் சான்றிதழை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். பையனுக்கு இலங்கைக் குடியுரிமை எந்த வழியில் வரும்? அம்மா வழியில் என்றால் அம்மா பிறந்தபோதே இந்தியப் பிரஜை. அம்மாவுக்கு அம்மா வழியில் என்றால் அத்தை ஒரு நாளும் இலங்கைப் பிரஜையாக இருந்ததே இல்லை. இருபத்தொரு வருடம் இங்கே பிறந்து வளர்ந்து, கொழுந்து பறித்து, ஒரு நாள்கூட. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக இருந்த மிச்சப் பேருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தபோது, 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இங்கேயே இருந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும்தான் கொடுத்தது. கப்பல் ஏறியவர்கள் அதில் இல்லை.

இதை நான் நின்று நிதானித்து, ஒவ்வொரு பத்திரமாகத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் பத்திரத்தை விரலால் என் பக்கம் தள்ளினாள். "அம்மா பொறந்தது இங்கதானே. அது பொய்யா?"

பொய் இல்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. டீ வரவழைத்தேன்.

அந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனைக் கடையில் விரல் விட்டு எண்ணிய கணக்கு எனக்குப் பிடிபட்டது. கமர்க்னெக்ட் கழி, டி சில்வா கழி, ஹிங்கெர்ட் கழி. அது இந்தப் படிவத்தின் கணக்கு. நீ எங்கே பிறந்தாய், உன் அப்பா எங்கே, அவருக்கு அப்பா எங்கே. எங்கள் குடும்பத்தையே இரண்டாக வெட்டிய கேள்வியை நான் பிளேன்டீ கோப்பையோடு நின்றுகொண்டு, சிரிக்கச் சிரிக்க, மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். அதுவும் பாரபட்சத்தோடு, ஆதவனுக்கு மட்டும் சலுகை கொடுத்து.

அண்ணனும் தங்கையும்

போட்டெங் சகோதரர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரே தகப்பன், இரண்டு தாய், இருவரும் பேர்லினில் பிறந்தவர்கள். 2010 உலகக்கிண்ணத்தில் ஜொஹன்னஸ்பேர்க்கில் ஜெரோம் ஜேர்மனிக்கும் கெவின் பிரின்ஸ் கானாவுக்கும் எதிரெதிரே ஆடினார்கள். ஜேர்மனி 1–0 என்று வென்றது, அந்த ஒரு கோலை அடித்தவர் மெசுட் ஓஸில். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் சாக்கா சகோதரர்கள், கிரானிட் சுவிற்சர்லாந்துக்கு, அண்ணன் தௌலான்ட் அல்பேனியாவுக்கு. அவர்களுடைய அம்மா பாதி சுவிஸ் பாதி அல்பேனியா என்று தைத்த ஒரு டீசேர்ட் போட்டுக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை அன்றைக்கு உலகமே பகிர்ந்தது. நானும் பகிர்ந்தேன், நெகிழ்ந்துபோய், என் வீட்டில் அப்படி ஒரு அண்ணன் தங்கை இருப்பதை நினைக்காமலே.

அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார். மாமா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அத்தை மாமாவின் மனைவி. அவ்வளவுதான். நாடற்ற தோட்டத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் 1964இல் பங்கு போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்களே, அந்த எண்களுக்குள் ஒரே காம்பராவில் பிறந்த இருவர் வெவ்வேறு பக்கம் விழுந்தார்கள். அத்தையிடம் யாரும் எந்த நாடு வேண்டும் என்று கேட்கவில்லை. மாமாவிடம்கூட மனதார யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தோட்டத்தில் எல்லோரும் போட்டார்கள், அவரும் போட்டார்.

அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு வீரர் 'நாட்டைத் தேர்ந்தெடுத்தார்' என்று தலைப்புப் போட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அவர்கள் இல்லை. முனீர் எல் ஹட்டாடியைப் பாருங்கள். ஸ்பெயினில் பிறந்த மொரோக்கோ வம்சாவளிப் பையன். 2014 செப்டெம்பரில் மசிடோனியாவுக்கு எதிராகக் கடைசிப் பதின்மூன்று நிமிடம்போல ஸ்பெயின் அவரை இறக்கியது. வயது 19. அதற்குப் பிறகு ஸ்பெயினின் மூத்த அணிக்கு அவர் ஆடவே இல்லை. அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்காக அவர் மொரோக்கோவுக்கு ஆட முடியாமல், விளையாட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்று, 2020இல் பீபா விதியை மாற்றிய பிறகுதான் 2021இல் மொரோக்கோச் சட்டை போட்டார். 19 வயதில் ஒரு பயிற்சியாளர் 'நீ போ' என்று கையைக் காட்டியதை ஒரு ஆயுள் முழுவதற்குமான சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சம்மதித்து, ஆடி, உலகக்கிண்ணமே வென்றால் மட்டும் போதுமா? ஓஸில் 2014இல் ஜேர்மனிக்காக அதை வென்றவர். 2018இல் துருக்கி ஜனாதிபதியோடு எடுத்த ஒரு படம், உலகக்கிண்ணத்தில் முதல் சுற்றோடு அணியின் வெளியேற்றம், போதும். வென்றால் நான் ஜேர்மன்காரன், தோற்றால் குடியேறியவன் என்று எழுதிவிட்டு விலகினார். அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வரியில் பிழை காண முடியவில்லை. அதே வருடம் லுக்காக்குவும் கிட்டத்தட்ட அதையே சொன்னார், எல்லாம் நன்றாகப் போனால் பெல்ஜிய வீரர், போகாவிட்டால் கொங்கோ வம்சாவளிப் பெல்ஜிய வீரர். அத்தைக்கு இதெல்லாம் புதிது இல்லை. இங்கே இருக்கும்வரை இந்தியாக்காரி, அங்கே போன நாளிலிருந்து சிலோன்காரி. கோத்தகிரியில் இன்றைக்கும் அவர்கள் லைனைச் 'சிலோன் லைன்' என்றுதான் சொல்வார்களாம். 1996 கிரிக்கெட் உலகக்கிண்ண அரையிறுதியில் இந்தியா எங்களிடம் தோற்ற இரவு பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததாக அத்தை ஒருமுறை சொன்னார். எந்தப் பக்கத்துக்காக வாயைத் திறக்கவில்லை என்று நான் கேட்டேன். சிரித்தார்.

சரி, நம்முடைய பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளியே தள்ளுவதில் மட்டுமில்லை, உள்ளே இழுத்துக்கொள்வதிலும் நாங்கள் கெட்டிக்காரர்கள். வேல்சில் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லிக்கு ஆடத் தொடங்கிய அன்றைக்கு எனக்குத் தெரிந்த வெள்ளவத்தைக்காரர் அத்தனை பேரும் அவருக்கு மாமா, சித்தப்பா ஆகிவிட்டார்கள். பந்தை எப்படிக் கடத்துகிறார் என்று பார்த்தவர்கள் குறைவு. ஐந்தாவது மட்டத்தில் ஆடும் இன்னொரு பிள்ளைக்கு அப்படி யாரும் மாமா ஆகமாட்டார்கள்.

செப்டெம்பரில் வந்த செய்தி

அவர்கள் திரும்பிப் போன பிறகு, செப்டெம்பர் கடைசியில் மலேசியாச் செய்தி வந்தது. ஏழு வீரர்களின் பத்திரங்கள் போலி என்று பீபா தீர்ப்புச் சொன்னது. எல்லாம் பாட்டி தாத்தா பிறந்த இடத்தைப் பற்றிய பத்திரங்கள். ஆர்ஜென்டீனாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பிறந்தவர்களை மலேசியாவில் பிறந்தவர்களாக மாற்றியிருந்தார்கள். சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், வீரர்களுக்குப் பன்னிரண்டு மாதத் தடை. ஏஜென்ட் உதாரணம் காட்டிய அதே அணி, அதே போட்டி.

என் தொழிலில் போலிப் பத்திரம் புதிதில்லை. எழுத்தின் சாய்வைப் பார்த்தே சொல்லிவிடுவேன், வாங்கமாட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் அன்றைக்கு அந்தச் செய்தியை வாசித்தபோது கோபத்தை விட ஒரு விதமான வயிற்றெரிச்சல்தான் வந்தது. அங்கே ஏழு பாட்டி தாத்தாக்கள், பிறக்காத மண்ணில் பிறந்தவர்களாகக் கடதாசியில் எழுதப்பட்டு, பேரன்மார் சட்டை போட்டு, தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள். இங்கே என் மேசையில், பிறந்த மண்ணில் பிறந்த ஒரு பாட்டியின் உண்மையான சான்றிதழ், முத்திரையும் சரி, பதிவு இலக்கமும் சரி, ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது.

இந்தியாவுக்காவது ஆடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அத்தை மகளும் கேட்டாள். இந்தியா இரட்டைக் குடியுரிமை கொடுப்பதில்லை, இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது. அவுஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025இல் அவுஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துத்தான் இந்திய அணிக்கு வந்தார். அவர் முப்பது தாண்டியவர், இந்தியாவிலேயே தொழில்முறையில் ஆடுகிறவர். 19 வயதில், ஐந்தாவது மட்டத்தில், பொறியியல் படித்துக்கொண்டு ஆடும் பிள்ளையிடம் ஜேர்மன் கடவுச்சீட்டை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அவன் அம்மாவுக்கும் வரவில்லை.

பையன் என்ன நினைத்தான் என்று கேட்கிறீர்களா? அன்றைக்கு அறையில் நாங்கள் இருவரும் பேசி முடியும்வரை அவன் என் முத்திரையை எடுத்து ஒரு பழைய தாளில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "உனக்கு வருத்தமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இலங்கை அணியில் ஜேர்மனியில் வளர்ந்தவர்கள் இருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டதாகவும், தன் அணியில் ஒரு கேமரூன் பையன், இரண்டு கொசோவோக்காரர்கள், ஒரு குரோஷியன் இருப்பதாகவும், அவர்களுக்கெல்லாம் கூப்பிட ஒரு நாடு இருக்கிறது என்றும் சொன்னான். எம்போலோவைத் தெரியுமா என்று கேட்டேன். 2022இல் சுவிற்சர்லாந்துக்காக, தான் பிறந்த கேமரூனுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து, கொண்டாடாமல் அப்படியே நின்றவர். அந்த நேரத்தில் நான் அதை நாடகம் என்று சொன்னவன். "அவருக்கு அந்த இடத்தில் வேறு என்ன செய்ய முடியும்?" என்று கேட்டான். எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஓட்டோவுக்குக் கை காட்டினேன்.

அழைப்பு

போவதற்கு முதல்நாள் இரவு கோத்தகிரிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்கள். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது, கைபேசியை மிகக் கிட்டப் பிடிப்பார், திரை முழுக்க நெற்றியும் விபூதியும்தான். சான்றிதழ் கிடைத்ததா என்று முதலில் கேட்டார். கிடைத்தது என்று சொல்லி, நான் மொழிபெயர்த்து முத்திரை குத்தியதையும் சேர்த்துத் திரைக்குக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தேன், யாரும் கேட்காத வேலை, காசும் வாங்கவில்லை. இனம் என்ற இடத்தில் இருந்ததை இருந்தபடியே எழுத வேண்டியிருந்தது. தொழில் தர்மம். பிறந்த இடம், தலவாக்கலை. வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

குடியுரிமை, விதி, ஏஜென்ட் எதையும் அவரிடம் விளக்க யாருக்கும் தெம்பில்லை. அத்தை மகள் வேறு பேச்சுக்கு மாற்றப் பார்த்தாள். அத்தை விடவில்லை, பேரனைக் கூப்பிட்டார். பையன் கைபேசியை வாங்கித் திரைக்கு முன்னால் குனிந்தான். அவனுக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும், பேசினால் கோத்தகிரி வாடை அடிக்கும்.

"ஏன்டா, கடைசில நீ எந்தப் பக்கம் ஆடப் போற?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தன் இடது காலைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினான்.

"இந்தப் பக்கம் அம்மாயி. லெஃப்ட் பேக்."